நெடுங்கரட்டு ஜமீனின் நாற்பத்தொரு வாரிசுகள்

மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டில் பழனிமுத்துவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கல் பொறுக்கிக் கட்டிய வரப்பு இன்னும் சரியாமல் நிற்கிறது. மேல்பாதியில் மிளகும் காப்பியும், கீழ்ப்பாதியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. அந்த மண்ணுக்கு அவரைத் தெரியும், கிழங்கு தோண்ட வரும் காட்டுப்பன்றிக்கும் அவரை நன்றாகத் தெரியும். சர்க்காருக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவரிடம் பட்டா இல்லை.

பட்டா கேட்டுப் பதினோரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, மனுவைக் கொடுத்து, அதே எழுபதும் ஏறி வருவார். மனுவை வாங்கியவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். முடியாது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். பரிசீலித்தவர்கள் மூன்று பேர் ரிட்டயர் ஆனார்கள், பரிசீலனை மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது.

பன்னிரண்டாம் வருஷம் சர்க்காருக்குத் திடீரென்று வரலாற்று உணர்ச்சி பொங்கிவிட்டது. அடிவாரத்தில் ஒரு புது ஆபீஸ் முளைத்தது. 'முன்னாள் ஜமீன் நிலங்கள் மற்றும் பாரம்பரியப் பெருமை மீட்புத் தனிப்பிரிவு' என்று பெயர். ஆபீஸ் ஒற்றை அறை. பெயர்ப்பலகை அதைவிட நீளம். அதனால் 'மீட்புத் தனிப்பிரிவு' மட்டும் பக்கத்து டீக்கடைச் சுவரில் இருந்தது. பழனிமுத்துவின் கோப்பு அங்கே மாற்றப்பட்டது.

அங்கே தனி அலுவலர் தமிழ்செல்வன் அவரிடம் அன்பாகவே பேசினார்.

"பட்டா கொடுக்க எனக்கு ஆட்சேபணையே இல்லைங்க. ஆனா உங்க நிலம் நெடுங்கரட்டு ஜமீனைச் சேர்ந்தது. ஜமீனோட வரலாறு முடிவாகாம, குடியானவனோட வரலாறு எப்படி முடிவாகும்?"

"என்ற வரலாறு முடியறதுக்குள்ள குடுத்தாப் போதுமுங்க," என்றார் பழனிமுத்து.

நெடுங்கரட்டு ஜமீனின் வரலாறு ஒன்றும் பெரிய புராணம் இல்லை. முதலாம் ஜமீன்தார் வெள்ளைக்காரனுக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்து ஜமீனைப் பெற்றார். இரண்டாமவர் ஒரே ஒருமுறை மலையேறி வந்து, குளிர்காய்ச்சல் கண்டு, டோலியில் இறங்கிப் போனவர் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாமவர் தம்பியோடு வழக்காடினார். நாலாமவர் அந்த வழக்கையே ஆண்டார். ஐந்தாமவர் அரண்மனைக் கதவு நிலைகளை விற்றுச் சாப்பிட்டு, வாரிசில்லாமல் கண்ணை மூடினார். தமிழ்செல்வன் இதையே 'மலைமக்களின் நல்வாழ்வில் அழியாத் தடம் பதித்த ஐந்து தலைமுறைப் பொற்காலம்' என்று எழுதி, அறுபது பக்கம் தைத்து வைத்திருந்தார். மலைமக்கள் அந்தத் தடத்தை எங்கும் பார்த்ததில்லை. டோலி தூக்கியவர்களின் தோளில் இருந்திருந்தால் உண்டு.

"ஜமீனுக்கு நீங்க என்ன குத்தகை கொடுத்தீங்க?" என்று விசாரணையைத் தொடங்கினார் தமிழ்செல்வன்.

"குத்தகைன்னு இல்லீங்க. வருசத்துக்கு ஊட்டுக்கு ஒரு மொதப் பலாப்பழம். எல்லைக்கல்லு மேல வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவோமுங்க. ஜமீன் ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க."

"இப்பவும் வெக்கிறீங்களா?"

"வழக்கத்த விட முடியுங்களா? வெச்சுட்டுத்தானுங்க இருக்கறோம்."

"எழுபது வருஷமா ஜமீனே இல்லையே, யாரு எடுத்துக்கறா?"

"கொரங்குங்க."

தமிழ்செல்வன் சிரிக்கவில்லை. அதிகாரி சிரித்தால் கோப்பு கெட்டுப்போகும். 'பங்கு பெறுபவர்: குரங்கு' என்று எழுதி, பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.

"பங்கை யார் வாங்கி அனுபவிக்கிறாங்களோ அவங்கதான் ஜமீன். அதுதான் விதி. குரங்குக்கு ஆதார் கிடையாது, அதனால செல்லாது. மனுஷங்க யாராவது அந்தப் பழத்தை எடுத்துத் தின்னிருக்காங்களா? மறைக்காம சொல்லுங்க."

பழனிமுத்துவுக்கு வியர்த்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"போன வருசம் மாப்பள சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாருங்க. ஊட்டுல ஒண்ணுமில்ல. கல்லு மேல வெச்ச பழத்தத் திரும்பப் போயி எடுத்துட்டு வந்துட்டேனுங்க. தப்புத்தானுங்க, மன்னிச்சுப்போடுங்க."

தமிழ்செல்வன் எழுந்து நின்றார்.

"தப்பா? பழத்தை வெச்சப்ப நீங்க குடியானவர். எடுத்தப்ப? பங்கை எடுக்கற உரிமை யாருக்கு? ஜமீனுக்கு மட்டும்தானே! ஐயா, நீங்கதான் நெடுங்கரட்டு ஜமீனோட ஆறாம் தலைமுறை. முதல்ல உக்காருங்க!"

பதினோரு வருஷத்தில் எந்த ஆபீஸிலும் பழனிமுத்துவை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவருக்கு மேளதாளமாகக் கேட்டது. பட்டாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவர், இந்த நேரத்தில் கேட்டால் கௌரவமாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சின்னாயி கேட்டாள்: "ஏனுங்க, பட்டா குடுத்தாங்களா?"

"நாக்காலி குடுத்தாங்க புள்ள."

"அதுல கெழங்கு நட முடியுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். பழனிமுத்து பட்டப்பகலில் பிடித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த சந்தைக்குப் போனபோது பேளுக்குறிச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். ரேஷன் கார்டில் இருந்த அவர் முகத்தைக் கழற்றி, யாரோ ஒரு ராஜாவின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். குதிரை வெள்ளை. கையில் வாள், கண்ணில் கூலிங்கிளாஸ், பின்னால் இரண்டு புலி. 'மலை ஆண்ட மரபே! மறுபடி எழுந்த மாமலையே!' என்று கீழே எழுதியிருந்தது. ஆண்ட மாமலை அன்று மத்தியானம் இடுப்பில் துண்டோடு ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தது.

ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் பக்கத்துக் காட்டில் பயிர் செய்யும் குப்புசாமிக்கு வயிறு எரிந்தது.

"இவரு ஒரு பழந் தின்னதுக்கே ராசாவா? நானு ஏழு வருசமாத் தின்னுட்டு வாரேன். கொட்டையக்கூட உட்டதில்ல, சுட்டுத் தின்னுருக்கேன்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே அடிவாரத்துக்கு பஸ் ஏறினார்.

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? ஒரே மாசத்தில் ஊரின் நாற்பத்தொரு குடும்பமும் எல்லைக்கல் பழத்தைத் தாங்கள்தான் தின்றதாகச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தன. தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்த திருட்டை இப்போது மார்தட்டிச் சொன்னார்கள். எழுபது வருஷம் பழியைச் சுமந்த குரங்குகள் பாவம், பழத்தின் தோலைக்கூடப் பார்த்திருக்காது. தமிழ்செல்வன் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகைகளில் 'இளவரசர்', 'இளவரசி' அச்சானது. ராஜ வம்சம் எருக்கூடை சுமக்கலாமா என்று குப்புசாமி கேட்டார். ஆண்கள் எல்லோரும் அது நியாயம்தான் என்றார்கள். எருவை அந்த வருஷம் மகாராணிகள் சுமந்தார்கள்.

தை மாசம் ஆணை வந்தது. தமிழ்செல்வன் நேரில் மலையேறி வந்து, வாரிசுகள் நாற்பத்தொருவரையும் கூட்டி, குரல் தழுதழுக்கப் படித்தார். சுற்றி வளைத்த பத்துப் பக்கத்தின் சாரம் இதுதான்: ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி ஜமீன்தார்களின் நிலம் அரசைச் சேரும். அதில் பாடுபடும் குடியானவர்களுக்குப் பட்டா வழங்கப்படும். விசாரித்ததில் இவ்வூரில் அனைவரும் ஜமீன்தார்கள், குடியானவர் ஒருவரும் இலர். ஆகவே பட்டா வழங்க வேண்டிய அவசியம் எழவில்லை. நிலம் முழுவதும் அரசுடையது.



"நஷ்டஈடு ஏதாச்சும்?" என்றார் குப்புசாமி.

"அது உங்க முன்னோர் ஐந்தாம் ஜமீன்தார் அப்பவே வாங்கிட்டாருங்க. ரசீது இருக்கு."

 பாட்டனுக்குப் பாட்டன் கட்டிய வரப்பு பழனிமுத்துவின் கண்ணுக்குள் வந்தது. "சாமி, இதுக்கு வழியே இல்லீங்களா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வழி இல்லாமல் சர்க்கார் ஏது? தமிழ்செல்வன் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். 'நான் ராஜ வம்சத்தைச் சேர்ந்தவன் அல்லன். சாதாரணக் குடியானவன்.' இரண்டே வரி. கையெழுத்துப் போட்டால் பழையபடி பட்டா மனு உயிர்பெறும்.

"போடுங்க, மொதல்ல நீங்க போடுங்க," என்றாள் சின்னாயி.

பழனிமுத்து பேனாவை வாங்கினார். நாற்பது ஜமீன்தார்களும் அவர் கையையே பார்த்தார்கள். குப்புசாமியின் மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு நெளிந்தது. இவர் போட்டதும் ஊரில் ராஜா அல்லாதவர் இவர் ஒருவர்தான் என்று ஆகிவிடும். மிச்சப் பேர் போடுவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"குப்புசாமி மொதல்ல போடட்டும். ரெண்டாவது நான் போட்டுர்றேன்," என்றார்.

"வயசுல மூத்தவரு இருக்கறப்ப நான் முந்திக்கறது மரபில்லீங்க," என்றார் குப்புசாமி.

மரபு காப்பாற்றப்பட்டது. பேனா நாற்பத்தொரு கை மாறி, மூடி திறக்காமலே தமிழ்செல்வனிடம் திரும்பி வந்தது. போட்டுத் தொலைங்கடா என்று ஊர்ப் பெண்கள் கத்தியது ஆணையின் எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

பங்குனியில் முதலாவதாகப் பழனிமுத்துவின் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வாசலில் 'இது அரசு நிலம், அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகை. அந்தப் பலகைக்குத் திறப்பு விழாவும் வைத்தார்கள். வாரிசுகளுக்குத் தலைப்பாகையும் மாலையும் ஆபீஸ் செலவு. ரிப்பன் வெட்டுவது யார் என்பதில் குப்புசாமிக்கும் பழனிமுத்துவுக்கும் அடிதடி ஆகாத குறை. கடைசியில் முதல் பழம் தின்று பதிவு செய்தவர் என்ற முறையில் கத்தரிக்கோல் பழனிமுத்துவிடம் வந்தது.

அவர் வெட்டும் நேரத்துக்குச் சின்னாயி கூடையும் கிழங்கு தோண்டும் கொத்துமாக வந்து நின்றாள். உள்ளே கிழங்கு முற்றிக் கிடந்தது.

"ஏனுங்க, நம்ம காட்டுக்குள்ள நான் எப்படிப் போறது?"

கேமராக்காரர் கையை உயர்த்தினார். பழனிமுத்து தலைப்பாகையை நேராக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடியே பல்லிடுக்கில் சொன்னார்:

"போட்டோ புடிக்கறாங்க புள்ள, மறைக்காமச் சித்த அந்தப் பக்கம் நில்லு."