எதிர்ப்பக்க இறக்கை

கார் பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திருகியதும் பொங்கிய கொதிநீர் சர்வேயரின் சலவைச் சட்டையை நனைத்தது. இது மூன்றாவது முறை. மணி பத்தேகால். தம்பி வீட்டுக்கு இன்னும் பாதித் தூரம் பாக்கி.

தம்பி இன்று இரண்டு மணி ரயிலில் குடும்பத்தோடு ஊரைவிட்டே போகிறான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம். போகிற நேரத்தில் அவன் மன்னிப்புக் கேட்டால் பெரியமனசு பண்ணி மன்னித்துவிடலாம் என்றுதான், தனிக்கட்டையான சர்வேயர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

சண்டையே இந்தப் பழைய காரால் வந்தது. "தண்ணி பம்பு நல்லாத்தான் இருக்குண்ணே, சீல் மட்டும் மாத்தினா போதும்" என்றான் மெக்கானிக்கான தம்பி. இவர் பளபளவென்று புதுப் பம்பு வாங்கி, வேறு ஆளை வைத்து மாட்டிக்கொண்டார். என்ஜின் கொதித்தது. "எல்லாம் நீ கை வெச்ச ராசி!" என்று சொந்தக்காரர்கள் நடுவில் தம்பியைத்தான் வைதார்.

இன்று வழியில், வேகமாகப் போனால் காற்றுப் பட்டு ஆறும் என்று மிதித்தார். கூடுதலாகக் கொதித்தது. ஒரு லாரி டிரைவர் பேச்சைக் கேட்டு, தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் ஒழுகியது. எதிரே வந்த, அவருடைய ஊருக்குப் போகும் பஸ் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது.

"போய்த் தொலையேன்!" பானட்டுக்குள்ளிருந்தே கத்தினார்.

ஒருவழியாகச் சேர்ந்த ஒர்க்‌ஷாப்பில், பம்பைக் கழற்றியவர் கேட்டார்: "எந்தப் புண்ணியவான் சார் இதை மாட்டினது?"

"ஏன்?"

"இறக்கையெல்லாம் எதிர்ப்பக்கம் வளைஞ்சிருக்கு. இது பெல்ட் அந்தப் பக்கம் சுத்துற புது வண்டிக்கானது. உங்க பழைய என்ஜின் இந்தப் பக்கம் சுத்துது. தண்ணியைத் தள்ளாம சும்மா கடையுது."

"வெளியில பாத்தா ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

"மாமியாரும் மருமகளும்கூடப் போட்டோவுல ஒத்துமையாத்தான் சார் நிப்பாங்க. சரியான பம்பு என்கிட்ட இல்ல. இதையே திரும்ப மாட்டி, ஒழுக்கை அடைச்சிட்டேன். மெதுவா உருட்டிக்கிட்டுப் போங்க."

உருட்டினார். வாங்கிக்கொள்ளக் கிளம்பிய மன்னிப்பை இப்போது இவர் கேட்டாக வேண்டும். "தப்பு என்னுதுதான்டா" என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்த்தார். ஆறாவது தடவைதான் தடுமாறாமல் வந்தது.

இரண்டேகாலுக்குத் தம்பி வீட்டு வாசலில் நின்றார். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாரு?"

"அவனோட அண்ணன். ரயில் போயிடுச்சாம்மா?"

"சரியான நேரத்துக்குப் போயிடுச்சுங்க." அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "காலையில உங்க காருக்குச் சேர்ற பம்பைத் தேடிப் பிடிச்சு, மாட்டிட்டு வரேன்னு பஸ்ல உங்க வீட்டுக்குத்தான் போனாரு; நீங்க பூட்டிட்டுப் போயிருந்தீங்களாம், திரும்பி வந்து 'நான் வர்றது தெரிஞ்சே அண்ணன் காரை எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."