டிம்ப்னா ஆறு ஓட்டில் கவுன்சிலர் ஆன விவரம்

பாலிகரவ்,
ஜூன் 12

பாஸ்டன் நகரில் பேரன் பேத்திகளோடு வாழும் அன்பு அக்கா கான்செப்டாவுக்கு, தம்பி மாலக்கி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம், மழையும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தை நீ எழுந்து நின்றுதான் படிக்க வேண்டும். ஏனென்றால் இதை எழுதுகிறவன் இனி வெறும் ஓய்வுபெற்ற தபால்காரன் இல்லை. மாவட்ட கவுன்சிலர் டிம்ப்னா டூஹியின் புருஷன்.

ஆற்றின் மேல் இருக்கும் நடைபாலத்தைக் கவுன்சில் பூட்டி இரண்டு குளிர்காலம் ஆகிறது. பலகை உளுத்துவிட்டதாம். அந்தக் கரையில் இருக்கிற கிழங்கட்டைகள் இந்தக் கரை ஆஸ்பத்திரிக்கு வர நாலு மைல் சுற்ற வேண்டும். போன வருஷம்வரை அந்த ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற வேலையில் இருந்தவள் டிம்ப்னா. பூட்டிய பாலத்தின் வேலி ஏறிக் குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்த எண்பது வயதுக்காரியை அவளே பதிந்திருக்கிறாள். அதைச் சொல்லி இருபத்தைந்து வருஷமாகக் கவுன்சிலராக இருக்கும் எண்டா ஸ்காலர்டிடம் போனாள். அவர் சாவகாசமாக, "பாக்கலாம் டிம்ப்னா, பாக்கலாம்" என்றார். இவள், "நீங்க பாத்தது போதும் எண்டா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நேரே போய் எந்தக் கட்சியும் இல்லாமல் மனுத் தாக்கல் செய்துவிட்டாள். எனக்கே மறுநாள் மீன்கடையில்தான் தெரியும்.

பிரசாரப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஏணி வைத்து விளக்குக் கம்பங்களில் நூறு அட்டைகள் கட்டினேன். அன்று அடித்த காற்றில் அத்தனையும் திரும்பிக்கொண்டு, டிம்ப்னாவின் முகம் ரோட்டைப் பார்க்காமல் வயலைப் பார்த்துச் சிரித்தது. மாடுகளுக்கு ஓட்டு இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே ஜெயித்திருப்பாள். செத்த வீட்டுக்குப் போய்க் கை கொடுக்காத வேட்பாளருக்கு இந்த ஊரில் மதிப்பில்லை என்று அவளை ஒரு சாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எண்டா ஏற்கெனவே குடும்பத்தாரோடு வரிசையில் நின்று, வந்தவர்களிடமிருந்து துக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்! எங்களுக்கும் கை கொடுத்து, "வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றார். டிம்ப்னா என் காதில், "இவரு செத்தவருக்கு என்ன முறை?" என்று கேட்டாள். "ஓட்டு முறை" என்றேன். சிரிப்பை அடக்க அவள் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எப்படி அழுதாள் என்று ஊரே உருகியது.

இதற்கு நடுவே பத்திரிகைக்காரர்கள் கருத்துக்கணிப்பு என்று ஆரம்பித்தார்கள். டப்ளினிலிருந்து ஒரு பெண் போன் செய்து, யாருக்கு ஓட்டு என்று கேட்டாள். நான் விடுவேனா? நாற்பது நிமிஷம் விளக்கினேன். பாலம், ஆறு, தபால் இலாகா எப்படிக் கெட்டது, எல்லாம் சொன்னேன். கடைசியில் அவள் களைத்த குரலில், "சரிங்க சார், உங்களை 'கருத்து இல்லை'ன்னு போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது: டிம்ப்னாவுக்கு நூற்றுக்கு இரண்டு. ஒன்பது பேரில் ஒன்பதாவது. அன்று அவள் உருளைக்கிழங்கைத் தேவைக்கு மேல் உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்களுக்காவது பதில் சொல்லணும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் வீடு வீடாகப் போனாள். அக்கா, அந்த முதுகைப் பார்த்து நான் நிமிர்ந்து நின்றேன்.

எண்ணிக்கை விளையாட்டு அரங்கில் நடந்தது. நீ போய் நாற்பது வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய்: ஐந்து இடம், சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப எண் போடுவார்கள், கடைசியில் இருப்பவர் கழன்றால் அவர் சீட்டெல்லாம் அடுத்த எண்காரருக்குப் போகும். முதல் சுற்றில் டிம்ப்னா ஏழாவது. ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பிரிக்கிற சீட்டையெல்லாம் எட்டிப் பார்த்துத் தங்கள் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்கிற கணக்குப்புலிகள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவன் என் தோளைத் தட்டி, "நெசவாளர் தெருப் பெட்டியில உன் பொண்டாட்டிதான்யா முதல்! அங்க யாரு ஓட்டுக் கேட்டது?" என்றான். நான்தான் அக்கா! டிம்ப்னா சொல்லி நான் தனியாக இரண்டு தடவை போன தெரு!

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கழன்றவன் சீட்டிலெல்லாம் 'இரண்டு' என்று இவள் பெயர். ஏழாவது சுற்றில் ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதற்கு எண்டாவும் இவளும். ஆறு ஓட்டு வித்தியாசத்தில் டிம்ப்னா! மறுநாள் திருப்பி எண்ணினார்கள். அந்த ஆறு ஆறாகவே இருந்தது. எண்டா பெரிய மனுஷன். நேரே வந்து கை கொடுத்து, "பாலத்தை நான் பாத்திருக்கணும் டிம்ப்னா" என்றார். எல்லாரும் அவளைத் தோளில் தூக்கினார்கள். அவள் அந்த உயரத்திலிருந்தே தேர்தல் அதிகாரியிடம், "சார், பாலத்துப் பூட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். நான் அழவில்லை. அரங்கில் தூசி அதிகம்.

உன் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு. செயிண்ட் பிரிஜிட் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாளாக.

இப்படிக்கு,
கவுன்சிலரின் கணவன்,
மாலக்கி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நெசவாளர் தெரு நோரீன் கொஞ்சம் பால் இரவல் கேட்டு வந்தாள். என் பேச்சில் எது பிடித்து ஓட்டுப் போட்டீர்கள் என்று பெருமையாகக் கேட்டேன். "வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பேசினே மாலக்கி. பாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரல. நீ போனப்புறம் தெருவே கூடி நின்னோம். பாவம், ரிட்டையர் ஆனதுலேர்ந்து அந்தப் பொம்பள இந்த மனுஷனோட ஒரே வீட்ல அடைஞ்சு கிடக்கறாளே, மாசத்துக்கு நாலு மீட்டிங்காவது போயிட்டு வரட்டும்னு எல்லாரும் அவளுக்கே குத்திட்டோம்" என்கிறாள். உள்ளே போய் டிம்ப்னாவிடம் இது உனக்குத் தெரியுமா என்றேன். அவள் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியாமலா உன்னை அந்தத் தெருவுக்கு ரெண்டாவது தடவையும் அனுப்பினேன்?" என்கிறாள்.