சித்தார்த்தர் சொல்லிவிட்டுப் போனாரா?

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலாவது, கேஜ் கதவில் நோட்டீஸ் ஒட்டியதற்காகப் பதினோரு நாள் சஸ்பென்ஷன். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு. அதன் கயிறு நைந்திருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். கயிற்றை மாற்றினார்கள். சஸ்பென்ஷனை மாற்றவில்லை.

இரண்டாவது, நான் எழுதிக் கொடுத்த உரையைத் தோழர் சுந்தரராஜ் மேடையில் படித்தார். அன்று முதல் அவர் சங்கத் தலைவர். அன்று முதல் நான் அவருக்கு எழுதிக் கொடுப்பவன்.

மூன்றாவது, சுரங்கத்தை மூடினார்கள். அவர்கள் அனுப்பிய அறிவிப்பு ஒரு பக்கம். நான் அனுப்பிய பதில் முப்பத்திரண்டு பக்கம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நான்காவது, என் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. என் துண்டறிக்கைகளைப் படித்தாயா என்று கேட்டேன். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருப்பதாகச் சொன்னான்.

ஐந்தாவது அநீதிக்கு வயது ஒன்பது. பெயர் யசோதரா.

சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் புத்த விகாரையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். பத்தொன்பது வருடமாக. பதினோரு பிள்ளைகள். ஷிப்ட் போய்விட்டது, சங்கம் போய்விட்டது. நான் பேச ஆரம்பித்தால் எழுந்து போகாத கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான். இதுவும் போனால் எனக்கு மிஞ்சுவது வீடு. வீட்டில் என் மனைவி ரத்தினம்மா இருக்கிறாள். அங்கே எனக்குப் பேச்சுரிமை கிடையாது.

யசோதரா எங்கள் விகாரைக் கமிட்டித் தலைவர் இனியனின் மகள். இனியன் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். மகளைக் கவனிக்க நேரமில்லை. அதன் பலனை நான் அனுபவித்தேன். ஒரு ஞாயிறு அவள் விகாரை அலமாரியிலிருந்து என் துண்டறிக்கைகள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், இதுல சித்தார்த்தர் ராத்திரில, சம்சாரம் தூங்கறப்ப, சொல்லாம குதிரை ஏறிப் போனார்னு போட்டுக்கீது. இதுல பகல்ல, சம்சாரத்தைக் கேட்டு, அவங்க சரின்னு சொன்ன அப்புறம் போனார்னு போட்டுக்கீது. ரெண்டுலயும் உங்க பேருதான் கீது. எது பொய்?"

இரண்டும் நான் எழுதியவைதான். முதல் அறிக்கை என் தகப்பனார் சொன்ன கதை. ஒரு கிழவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி. பார்த்தார், மனம் உடைந்தார், போனார். ஏழு வருடம் கழித்து வேறு கதை படித்தேன். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு குலத்துக்குத் தகராறு. சபையில் போர் என்று தீர்மானம். எதிர்த்தவர் சித்தார்த்தர் ஒருவர்தான். அதற்குத் தண்டனையாக நாட்டை விட்டுப் போனார். தீர்மானம், எதிர்ப்பு வாக்கு, தண்டனை. என் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பது போலவே இருந்தது. உடனே இரண்டாவது அறிக்கை அச்சடித்தேன். முதல் அறிக்கையை வாபஸ் வாங்க மறந்துவிட்டேன்.

ஒன்பது வயதுக்கு இதை எப்படிச் சொல்வது? நேரம் முடிந்தது என்று மணியை அடித்தேன். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு நோய் பரவிவிட்டது. சித்தார்த்தர் பிறந்ததுமே ஏழு அடி நடந்தாராமே, எங்கள் வீட்டுத் தம்பிக்குப் பத்து மாதம், நிற்கவே மாட்டேன் என்கிறானே என்று ஒருத்தி கேட்டாள். இருபத்தொன்பது வயது வரை கிழவரையே பார்க்காதவருக்கு அப்பா இல்லையா என்று ஒருவன் கேட்டான்.

நான் பல நிர்வாகங்களைச் சமாளித்தவன். அன்றே விதிகள் வகுத்தேன். இனிக் கேள்விகள் எழுத்து மூலமாக மட்டும். கேட்பவர் பெயர், தகப்பனார் பெயர், குடியிருக்கும் லைன் வீட்டின் நம்பர், தேதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. வியாழன் மாலைக்குள் என் வீட்டில் சேர்க்க வேண்டும். யாரைப் பற்றி எழுதினாலும் அவரது முழு விவரமும் இருக்க வேண்டும். ஒரு குறை இருந்தாலும் மனு செல்லாது. மனு எழுதும் முறையை ஒரு ஞாயிறு முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ரத்தினம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கம்பெனிக்காரன் உங்களுக்குப் பண்ணதை நீங்க பிள்ளைங்களுக்குப் பண்றீங்க," என்றாள்.

"அது வேறு, இது வேறு."

"எப்படிங்க வேற?"

"எழுத்து மூலமாகக் கேள்," என்றேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நான் மனு எழுத வேண்டியதாகிவிட்டது.

ஆனால் திட்டம் வென்றது. மூன்று வாரம் ஒரு கேள்விகூட வரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். முகத்தில் ஒரு தெளிவு. மினிட் புத்தகத்தில், 'கேள்விகள் இல்லை. சந்தேகங்கள் முற்றிலும் நீங்கின' என்று பதிவு செய்தேன். தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை நான் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் பேப்பர் படித்து விவாதம் செய்வது வழக்கம். அங்கேயும் இதை அறிவித்தேன்.

நாலாவது வியாழன், டீக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். கடை மூடியிருந்தது. நாலரைக்கே வீடு திரும்பினேன்.

வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு.

சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவுக்கு வெளியே நிற்பதில் எனக்கு அனுபவம் உண்டு. கம்பெனி ஆபீஸில் பல வருடம் நின்றிருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரத்தினம்மா. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மனு. முறைப்படி எழுதிய மனு. ஒருவர் படிக்க வேண்டும், ரத்தினம்மா பதில் சொல்வாள், பிறகு அந்த மனுவைப் பொட்டலமாகச் சுருட்டி வறுத்த வேர்க்கடலை போட்டுக் கொடுப்பாள். மூன்று வாரத்து மனுக்கள் எங்கே போயின என்பது விளங்கியது.

ஏழு அடிக் கேள்வி வந்தது.

"நான் பாக்கலை கண்ணு," என்றாள் ரத்தினம்மா. "ஆனா அந்தப் பிள்ளையைப் பெத்தவ ஏழாம் நாளு செத்துட்டா. பிள்ளை நடக்கறதை எந்த அம்மாவுக்குத்தான் பாக்க ஆசை இருக்காது? கதை சொன்னவங்களுக்கு மனசு கேக்கலை. அவ கண்ணு மூடறதுக்கு முன்னாடியே நடக்க வெச்சுட்டாங்க."

இந்தக் கேள்விக்கு நான் பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த மனு, கிழவரையே பார்க்காத சித்தார்த்தர்.

"உங்க சார் உலகத்துக் கஷ்டத்தையெல்லாம் எழுதறவரு. போன வாரம் கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு, எனக்கு எப்போ நரைச்சுதுன்னு என்னைக் கேக்கறாரு. கண்ணெதிர்லயேதான் இருக்கும். என்னைக்கோ ஒரு நாள்தான் தெரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கையால் தலையைத் தடவிக்கொண்டேன்.

கடைசியாக யசோதரா. சொல்லிவிட்டுப் போனாரா, சொல்லாமல் போனாரா? சித்தார்த்தர் சம்சாரமான, தன் பெயருள்ள அந்த அம்மாவுக்கு நடந்தது தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

ரத்தினம்மா காம்புகளை ஒதுக்கினாள். "உங்க சார் ஒரு வாட்டி தில்லிக்குப் போராட்டத்துக்குப் போனாரு. பதினேழு நாளு," என்றாள்.

"தெரியும். வகுப்புல சொன்னாரு. உங்களைக் கேட்டுக்கினுதான் போனாராம். நீங்க ஸ்டேஷன் வரைக்கும் வந்தீங்களாம்."

"நான் அன்னைக்குக் குழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போனேன். பக்கத்து லைன் பொம்பளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடுப்புல பிள்ளை."

"அப்போ சார் பொய் சொன்னாரா பெரிம்மா?"

"இல்லே கண்ணு. சொல்லணும்னு நெனச்சிருப்பாரு. நெனச்சி நெனச்சி, சொன்ன மாதிரியே ஆயிட்டிருக்கும். அது போனவங்க சொல்ற கதை. இது இருந்தவங்க சொல்ற கதை. ரெண்டையும் வெச்சிக்கோ."

நான் சத்தமில்லாமல் வெளியே போய், ஆறு மணிக்குச் சத்தத்தோடு திரும்பி வந்தேன்.

அன்று மனதுக்குள் ஒரு தீர்மானம் உருவானது. வைகாசிப் பௌர்ணமிக்கு விகாரையில் பொதுக்கூட்டம். அதில் இப்படி ஒரு விதி கொண்டுவர வேண்டும்: பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உண்டு, அவர் பெயர் சாட்சிகள் முன் சபையில் வாசிக்கப்பட வேண்டும், மற்றவர் யாரும், எந்தச் சமையலறையிலும், பதில் சொல்லக் கூடாது. அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரத்தினம்மாவிடம் படித்துக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"நல்லாத்தாங்க எழுதிக்கீறீங்க," என்றாள்.

"உனக்கு ஆட்சேபம் இல்லையா?"

"எனக்கு இன்னா ஆட்சேபம்? ஒருத்தர் சொல்றதுதான் நல்லது. ஆனா நாளைக்கு யாரும் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க. பேரைப் பிள்ளைங்களே எழுதிக் குடுக்கட்டும். எல்லாம் எழுத்து மூலமா இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

நாற்பது வருட இல்வாழ்க்கையில் என் கொள்கை முதல்முறையாக அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று எண்ணினேன். கண் கலங்கிவிட்டது. அந்தத் திருத்தத்தை நானே சேர்த்து எழுதினேன்.

பௌர்ணமி காலை. விகாரை நிறைந்திருந்தது. தாய்மார்கள் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இனியன் தலைமை. என் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் வாழ்நாளில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம்.

பிள்ளைகள் பெயர் எழுதிய சீட்டைக் கொடுப்பதற்கு முன் யசோதரா எழுந்து ஒரு மனு நீட்டினாள். தேதி, லைன் நம்பர், இரண்டு சாட்சி, எல்லாம் சரியாக இருந்தது. தள்ளுபடி செய்ய வழியில்லை. கேள்வி ஒரே வரி: தில்லிக்குப் போகும்போது பெரிம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனீர்களா?

சபை என்னைப் பார்த்தது. நான் ரத்தினம்மாவைப் பார்த்தேன். அவள் பாயசக் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் அவள் வந்த காட்சி இத்தனை வருடமாக என் கண்ணில் இருக்கிறது. அவள் கட்டியிருந்த புடவையின் நிறம்கூடச் சொல்வேன். இப்போது பார்த்தால் அந்தக் காட்சியில் அவள் இடுப்பில் பிள்ளை இல்லை. பிள்ளையை இறக்கிவைக்க அவளுக்கு அன்றைக்கு யாரும் இல்லை.

"சொல்லவில்லை," என்றேன். "சொன்னால் அழுவாள், அழுதால் போக மாட்டேன் என்று பயம். சொல்லாமல்தான் போனேன்."

 ரத்தினம்மா எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். பொதுவாழ்வில் உண்மைக்கு எப்போதும் மதிப்பு உண்டு. இதற்குப் பிறகு என் வெற்றி உறுதி என்று எனக்குப் பட்டது.

பதினோரு பிள்ளைகள், ஆசிரியர் என்ற முறையில் நான், ஆக மொத்தம் பன்னிரண்டு சீட்டு. பிரித்துப் படிக்கும் பொறுப்பும் என்னுடையது.

முதல் சீட்டைப் பிரித்தேன். பார்த்தேன். கீழே வைத்தேன். இரண்டாவதையும் அப்படியே. எல்லாவற்றிலும் தேதி இருந்தது, லைன் நம்பர் இருந்தது, இரண்டிரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தது. பெரிம்மா என்று ஒரு குழந்தையாவது எழுதியிருந்தால் அது பெயரே அல்ல என்று தள்ளியிருப்பேன். ஒருவரும் எழுதவில்லை. நிர்வாகத்தின் உத்தரவுகளில் முப்பது வருடம் ஓட்டை கண்டுபிடித்த எனக்கு இந்தப் பதினொன்றில் ஒரு ஓட்டை கிடைக்கவில்லை. நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள்.

ஒரே ஒரு சீட்டில் என் பெயர் இருந்தது. மிக அழகான, பழகிய கையெழுத்து. ஆனால் சாட்சிக் கையெழுத்து வாங்க மறந்திருக்கிறேன். விதிப்படி செல்லாது என்று நானே எடுத்து ஒதுக்கினேன்.

"விதிப்படி பேரைச் சபையில படிக்கணும் சார்," என்றார் இனியன். "சாட்சிங்க எழுந்து நில்லுங்க."

பதினோரு தாய்மார்கள் எழுந்து நின்றார்கள். பிள்ளைகளும் நின்றார்கள். சுவரோரம் ரத்தினம்மா மட்டும் தலை குனிந்து காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன்.

"ரத்தினம்மா. கணவர் பெயர், ராமசாமி."