காளான் தேறியது, கல்யாணமும் தேறியது

ஒரு காட்டில், மழை பெய்தால் வாசற்படியிலேயே காளான் முளைக்கிற ஒரு காட்டில், அம்சவேணி என்றொரு முள்ளம்பன்றி கடைக்குப் போய்ப் பாக்கெட் காளான் வாங்கிவந்தாள். பின்னே, வாசலில் சும்மா முளைத்ததைச் சமைத்துப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

அன்று மாலை அவள் மகள் தேன்மலரைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் வீட்டில் எதையாவது வாயில் வைத்தால் சம்மதம் என்பது அந்தக் காட்டு வழக்கம். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். முன்பு வந்த வரன்கள் எல்லாம் பஜ்ஜித் தட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

பாக்கெட்டைப் பிரிக்கையில் செல்போன் சிணுங்கியது. காட்டு மகளிர் குழுவில் ஒரு செய்தி: ‘காளான் வெள்ளையாக இருக்கிறதா? உஷார், மருந்து அடித்தது! சோதித்துப் பாருங்கள். சோதித்ததைச் சமைக்காதீர்கள்!’

“ஐயையோ, வெள்ளை வெளேர்னு இருக்கே!”

“காளான்னா வெள்ளையாத்தாம்மா இருக்கும்” என்றாள் தேன்மலர்.

“உனக்கென்னடி தெரியும்? சம்பந்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா உன் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?”

அம்சவேணி ஒன்றை மோந்து பார்த்தாள். நல்ல மண்வாசனை. அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. இவ்வளவு கெட்டியாக இருக்க என்னத்தைத் தடவினானோ என்று அதிலும் சந்தேகம். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்திப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் போட்டாள், மஞ்சள் தண்ணீரில் போட்டாள், பூண்டோடு கொதிக்கவிட்டு, மருந்து இருந்தால் கறுக்குமாமே, பூண்டு கறுக்கிறதா என்று பார்த்தாள். பூண்டு கறுக்கவில்லை, அவள் முகம்தான் கறுத்தது. சோதித்ததை எல்லாம் ஜன்னல் வழியே வீசினாள். வெளியே ஒரு நத்தை, “அக்கா, அடுத்தது?” என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

கடைசிக் காளானும் தேறியது. அத்தனையும் சுத்தமான காளான் என்பதில் இனிச் சந்தேகமே இல்லை. சமைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார்! அம்சவேணி அவர்களை உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். சோதனைத் தண்ணீரை எல்லாம் ஒரே சட்டியில் ஊற்றினாள், மிளகைத் தட்டிப் போட்டாள், கிண்ணத்தில் எடுத்துப் போனாள்.

“காளான் சூப்புங்க.”

மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி கரண்டியை விட்டுத் துழாவினாள். “காளான் எங்கே?”

“அது… கரைஞ்சிடுச்சுங்க.”

கோமளவல்லி கிண்ணத்தை மோந்தாள். “உப்பு, மஞ்சள், பூண்டு. இது சூப்பு இல்லைங்க. சோதனை பண்ணின தண்ணி.”

அம்சவேணியின் முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. போச்சு, இந்த வரனும் போச்சு.

கோமளவல்லி தன் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே அதே மஞ்சள் தண்ணீர். “உங்களுக்குக் காளான் குழம்பு கொண்டுவரணும்னுதான் நெனச்சோம்” என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உங்க பூண்டு கறுத்துச்சா?”

“இல்லைங்க!”

“எங்களுதும் இல்லை!”

இருவரும் கட்டிக்கொள்ளப் பாய்ந்து, முள் ஞாபகம் வந்து, தள்ளி நின்றே சிரித்தார்கள். கோமளவல்லி கிண்ணத்தை மடமடவென்று காலி செய்தாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே, பெருத்துப்போன நத்தை தன் கூட்டுக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டிருந்தது.

நீதி: இரு வீட்டாருக்கும் ஒரே சந்தேகம் இருந்தால் ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, காளானை மட்டும் எப்போதும் நத்தைதான் தின்னும்.