கறுப்பையாவின் குறட்டையும் ஒற்றைக் கம்பளியும்

கொழுந்துக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு படு என்று சொன்னால் எந்தப் புருஷன் படுப்பான்? கறுப்பையா படுத்தான். ராக்கம்மா சொல்லி அவன் தட்டிய பேச்சு கிடையாது. மல்லாந்து படுத்தால்தானே குறட்டை, முதுகில் கூடை இருந்தால் எப்படி மல்லாக்கப் படுப்பான் என்பது அவள் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் கறுப்பையா தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆள். அந்த உடம்பு தூக்கத்தில் ஒரு முறை புரண்டால் பிரம்புக் கூடை தாங்குமா? விடிந்தபோது கூடை அப்பளமாகிக் கிடந்தது. குறட்டைக்கு ஒரு சேதமும் இல்லை. அன்று முழுவதும் ராக்கம்மா நசுங்கிய கூடையோடு மலையில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் மாடு மிதித்துவிட்டதாகப் பொய் சொன்னாள்.

பன்விலை ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குறட்டை என்பது புருஷன் பெண்டாட்டி விவகாரம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் லயத்துக் காம்பரா அறைகளுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் தாளித்தால் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள். கறுப்பையா படுத்ததும் கிளம்புகிற சத்தம் தகரக் கூரையில் மோதி, லயம் முழுவதுக்கும் பங்கு வைத்தது போலப் போய்ச் சேரும்.

ராக்கம்மாவுக்கோ கோழித்தூக்கம். எலி நகர்ந்தால் முழித்துக்கொள்வாள். தள்ளிப்போய்ப் படுக்கலாமென்றால் வீட்டில் இருப்பது ஒரே கம்பளி. இராத்திரியில் இருவருக்கும் அதுதான் போர்வை. பகலில் மழைக்கு அவள் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவதும் அதுதான். அந்த மலைக்குளிரில் கம்பளியை விட்டு விலகிப் படுத்தால் காலையில் ஆளைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் குறட்டைக்குப் பக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு கிடப்பாள். இடித்துப் பார்ப்பாள், உலுக்கிப் பார்ப்பாள். சத்தம் நிற்காது, ராகம்தான் மாறும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் விடியும் முன்பே எழுந்துவிடுவாள். கம்பளியை உருவித் தன் மேல் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். குளிர் உறைத்ததும் கறுப்பையா முழிப்பான். அப்போதுதான் அந்தக் குறட்டை நிற்கும். நின்று என்ன புண்ணியம்? அவள் அடுப்பை ஊதிப் பற்றவைப்பதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து தப்புப் பறையின் சத்தம் கிளம்பிவிடும்.

“எல்லாரும் எந்திரிக்கிற நேரம் பாத்துத்தான் இந்த மனுசன் வாய மூடுறாரு” என்று அவள் தினமும் அடுப்பிடம் சொல்லிக்கொள்வாள்.

பக்கத்துக் காம்பரா அழகமுத்துவுடையது. விடியற்காலையில் தப்படித்துத் தோட்டத்தையே எழுப்பி, பேர் வாசிக்கிற பெரட்டுக் களத்துக்கு அனுப்புகிறவர் அவர்தான். ஒரு நாளும் நேரம் தப்பாதவர் என்று துரையே மெச்சி அவருக்கு ஒரு மணிக்கூடு கொடுத்திருந்தார். அதை அவர் சிவப்புத் துணி விரித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் பூப்போட்டு வைத்திருந்தார். பெண்டாட்டி சுப்பம்மாகூட அதைத் தொடக்கூடாது. கறுப்பையாவின் மேல் அதிகம் எரிந்து விழுந்தவரும் அவரேதான்.

“என் தூக்கம் கெட்டா தோட்டமே கெட்டுப்போகும், பாத்துக்க” என்று அவர் ராக்கம்மாவிடம் விரல் நீட்டிப் பேசிய அன்றுதான் அவள் கூடை வைத்தியத்தில் இறங்கினாள்.

கூடை போனதும், ஞாயிற்றுக்கிழமை வத்தேகமச் சந்தைக்குப் போனவள் அங்கிருந்த சிங்கள வைத்தியரிடம் மூக்கில் விடுகிற எண்ணெய் வாங்கி வந்தாள். ஒரு சொட்டு விட வேண்டும் என்று அவர் விரலைக் காட்டித்தான் சொன்னார். இந்த மூக்குக்கு ஒரு சொட்டு எந்த மூலைக்கு என்று ராக்கம்மா தாராளமாகவே ஊற்றினாள். கறுப்பையா தும்மத் தொடங்கினான். நாலு குறட்டைக்கு ஒரு தும்மல் என்று விடிய விடிய நடந்தது. குறட்டைக்காவது லயம் பழகியிருந்தது. தும்மல் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? மறுநாள் லயமே திரண்டு ராஜலிங்கம் கங்காணியிடம் போய் நின்றது. முன்னால் நின்றவர் அழகமுத்து.

கங்காணி கறுப்பையாவை மாட்டுத் தொழுவத்தில் படுக்கச் சொன்னார். மாடு என்ன புகாரா சொல்லப்போகிறது என்று அவர் நினைப்பு. மாடு புகார் சொல்லவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கங்காணி ஆசையாய்ப் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியை மிதித்துக் கூழாக்கிவிட்டு, இரண்டு வேளை பால் கொடுக்க மறுத்தது. அது கங்காணியின் சொந்த மாடு.

“ஏ ராக்கம்மா, இன்னைக்கு ராத்திரி மட்டும் இந்த லயத்துல இருந்துக்கங்க” என்றார் கங்காணி. “நாளைக்குப் பொழுது சாய ரெண்டு பேரும் ஆத்தோரப் பழைய லயத்துக்குப் போயிரணும்.”

அது எப்படிப்பட்ட இடமென்று ராக்கம்மாவுக்குத் தெரியும். பழைய லயத்தில் மழை வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகம் பெய்யும். அட்டை பாயில் ஏறும். அங்கிருந்து மலையேறிப் பெரட்டுக்கு வருவதற்குள் பேர் வாசித்து முடித்துவிடுவார்கள். பேர் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காம்பராதான். பின்னால் அவள் போட்ட கீரையும் மிளகாயும் இப்போதுதான் தலையெடுத்திருந்தன. அதையெல்லாம் ஒரு மூக்குக்காக விட்டுவிட்டுப் போவதா? அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அன்றிரவு அவள் கடைசி யோசனையாக அவனைப் படுக்கவே விடவில்லை. சுவரோரம் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் அரிசி மூட்டையும் விறகுக் கட்டும் அண்டை கொடுத்து, தலைத் துண்டால் தாடையை இழுத்துக் கட்டினாள். கால் முதல் கழுத்து வரை படங்குச் சாக்கைச் சுற்றினாள்.

“வலிக்குதாங்க?” என்று கேட்டாள்.

தாடை கட்டிக் கிடந்ததால் அவன் கண்ணாலேயே இல்லை என்றான். நல்ல மனுஷன். உட்கார்ந்தபடியே தூங்கியும் போனான். குறட்டை வரவில்லை.

ராக்கம்மாவால் நம்ப முடியவில்லை. வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அது காதில் விழுகிறது! நான்தான் ஜெயித்தேன் என்று வாய்விட்டே சொன்னாள். காலையில் லயமே சாட்சி சொல்லும், கங்காணி என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று முழுக் கம்பளியையும் தனக்கே தனக்கென்று சுருட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் மூக்கில் அடித்துக்கொண்டிருந்தது.

லயம் முழுவதும் அப்போதுதான் எழுந்து, தலையை அள்ளி முடியவும் நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு அடிக்கவே இல்லையாம். பெரட்டுக் களத்தில் ஆள் ஒருவரும் வராமல் துரை குதிரை மேல் காத்திருந்தாராம். கணக்கப்பிள்ளை பேர் வாசித்தபோது ஆமென்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கங்காணியே தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினாராம். தப்புச் சத்தம் கேட்டால்தான் அவரும் எழுவார்.

அழகமுத்துவுக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லித் துரையைச் சமாளித்தார்கள். ஆனால் இந்தக் கூத்துக்கும் நம் வீட்டுக் குறட்டைக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்று ராக்கம்மா பயந்தாள். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்ததும் சட்டி பானையை மூட்டை கட்டினாள். பாயைச் சுருட்டிக் கறுப்பையாவின் தோளில் ஏற்றினாள். “என்னால உனக்குத்தான் கஷ்டம் புள்ள” என்று அவன் சொன்னான்.

வாசலைத் தாண்டவில்லை, அழகமுத்து குறுக்கே வந்து நின்றார். அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கினார். உள்ளே கொண்டுபோய் வைத்தார். பாயைப் பிடுங்கி அவரே விரித்தார், அதுவும் தன் காம்பராச் சுவரோடு ஒட்டி. அவருக்கு நிஜமாகவே காய்ச்சல்தான் என்று ராக்கம்மா முடிவு கட்டினாள்.

பின்னாலேயே கங்காணி வந்தார். லயத்து வாசலை மிதிக்காத மனுஷர் உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“நீங்க எங்கயும் போக வேணாம்” என்றார். “கறுப்பையா எப்பவும் போலப் படுக்கட்டும். மல்லாந்தே படுக்கட்டும்.”

ராக்கம்மா கெட்டிக்காரி. காரணம் புரியவில்லை, ஆனால் காற்று தன் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூரைத் தகரம் ஓட்டையாக இருக்கிறது என்றாள். நாளைக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். புதுக் கூடை கேட்டாள். கிடைத்தது. மத்தியானம் கொழுந்து நிறுத்த பிறகு மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டால் யாரும் எழுப்பக்கூடாது என்றாள். கங்காணி அதற்கும் தலையாட்டினார். லயமே வாசலில் நின்று வாய் பிளந்தது. கறுப்பையா தன் பெண்டாட்டியை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தான்.

“அப்ப எனக்குன்னு தனியா ஒரு கம்பளியும் குடுத்துருங்க” என்றாள் ராக்கம்மா.

கங்காணி சட்டென்று எழுந்துவிட்டார். அழகமுத்து அவருக்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேற என்ன வேணாலும் கேளு ஆத்தா” என்றார் கங்காணி. “கம்பளி மட்டும் கேக்காத.” இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

தகரத்தைக் கொடுப்பவருக்கு ஒரு கம்பளியா பெரிசு? ராக்கம்மாவுக்கு மண்டை குடைந்தது. கறுப்பையா, யாரும் மறுபடி சுருட்டாதபடி பாயின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சுப்பம்மா அம்மி அரைத்துக்கொண்டிருந்தாள். ராக்கம்மா சுவர் மேல் எட்டி, இதென்ன கூத்து, உனக்காவது தெரியுமா என்று கேட்டாள். சுப்பம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த மணிக்கூடு போன தீவாளியோட நின்னுபோச்சுக்கா. அவருக்கே இன்னைக்குத்தான் வெளங்கியிருக்கு, நீ கம்பளிய உருவி, அண்ணன் கொறட்டை நின்னாத்தான் எங்க வீட்டுக்காரரு திடுக்குன்னு முழிச்சுத் தப்பையே தூக்குவாரு.”