விசிறி சுற்றவில்லை, நேரில் வரவும்

ஸ்ஃபாக்ஸ் நகரம்,
நோன்பு பன்னிரண்டு, லுஹர் தொழுகைக்குப் பின்.

லைப்சிக் நகரத்தில் இருக்கும் அருமை மகள் இன்ஸாஃபுக்கு வாப்பா முன்ஸிஃப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இறைவன் கிருபையால் சுகம். உன் சுகத்தை அந்த ஊர்க் குளிர் கெடுக்காமல் இருக்க அவனையே வேண்டுகிறோம். நிற்க. உன் கணினிப் பெட்டி சுகமில்லை. போனில் சொல்லலாமே என்பாய். சொன்னால் அங்கே உட்கார்ந்தபடியே நாலு வரி தட்டிச் சரிபண்ணிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மூன்று வருடத்துக்கு முன் நீ கிளம்பும்போது, "இத அணைச்சுடாதீங்க வாப்பா, என் வேலையெல்லாம் இதுலதான் சோதிச்சுப் பாக்கணும்" என்று உன் அறையில் பெட்டியை ஓடவிட்டுப் போனாய். பெட்டிக்குள் சூட்டையும் விசிறி வேகத்தையும் அளக்கிற ஒரு சிப் இருக்கிறது, அது சொல்வதைக் கேட்டுவந்து அளவுக்கொரு சின்னக் கோப்பாக வைப்பதுதான் நீ எழுதுகிற டிரைவர் என்ற நிரல், கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே ஓர் எண் இருக்கும் என்று திறக்கும் வழியையும் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாய். நீரேற்று நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் அழுத்தமானியின் முள்ளையே பார்த்த மனுஷன் நான், சும்மா இருப்பேனா? நீ போன மறுநாள் காலை ஏழு மணிக்கு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து முதல் கோப்பைத் திறந்தேன். நாற்பத்து மூவாயிரம்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு லஸாத், டிவி ரிப்பேர் பார்ப்பவன், ஈரச் சாக்கோடு ஓடிவந்தான். உன் உம்மா மட்டும் அசையவில்லை. "நாப்பத்து மூவாயிரம் டிகிரின்னா ஸ்ஃபாக்ஸே சாம்பலாயிருக்கணும். நீங்க இன்னும் கத்திக்கிட்டு நிக்கிறீங்களே, எப்படி?" என்றாள். பிறகு நீதான் சொன்னாய், புள்ளி வைத்த எண் உள்ளே ஆகாது, அதனால் எல்லாச் சூட்டையும் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியாகக் கொடுப்பது வழக்கம், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள் என்று. வகுத்தேன். நாற்பத்து மூன்று. லஸாத் அந்தச் சாக்கை இன்றுவரை திருப்பிக் கேட்கிறான்.

மூன்றாவது கோப்பு ஒன்று இருக்கிறதே, எப்போது திறந்தாலும் மைனஸ் நூற்று இருபத்தெட்டு டிகிரி. சைபீரியாவிலும் இல்லாத குளிர் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "சிப்போட அந்தக் கால்ல சூடு பாக்குற எதையுமே மாட்டல வாப்பா. இங்க யாரும் இல்லன்னு சொல்ல சிப்புக்குத் தெரியாது, வாய்க்கு வந்த நம்பரச் சொல்லும்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணு. வெள்ளிக்கிழமைதோறும் நீ நாலு நிமிஷம் பேசி எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போது, அல்ஹம்துலில்லாஹ் நல்லாயிருக்கேன் என்று நானும் வாய்க்கு வந்ததைத்தான் சொல்கிறேன்.

போன கோடையில் உம்மா மிளகாய் காயப்போட்ட துணி பெட்டியின் மேல் விழுந்து மூடிக்கொண்டது. தொண்ணூற்றிரண்டு டிகிரி. பத்தே நிமிஷத்தில் உன் போன், அதுவும் செவ்வாய்க்கிழமை! "வாப்பா, பெட்டிய யாரு மூடினது?" அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்த எண்களெல்லாம் உடனுக்குடன் உனக்கும் வருகின்றன என்று. துணியை எடுத்த பிறகும் நீ வைக்கவில்லை. மிளகாய் விளைச்சல், என் கண் ஆபரேஷன், உம்மாவின் முழங்கால் என்று நாற்பது நிமிஷம் பேசினாய். அதற்குப் பிறகு பெட்டி அடிக்கடி சூடாக ஆரம்பித்தது. ஒருநாள் ஆட்டுத்தோல் விரிப்பு எப்படியோ அதன் மேல் ஏறிக்கொண்டது. இன்னொருநாள் கரியடுப்பு தானாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என்ன மாயமோ. ஒவ்வொரு தடவையும் நீ கூப்பிட்டாய். போன மாதம்தான் எண்பத்தைந்தைத் தொட்டால் பெட்டி தானே அணைந்துகொள்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டாய். இப்போது பெட்டி அணைகிறது, போன் வருவதில்லை. கெட்டிக்காரி, யார் பெற்ற பெண்!

இப்போது விஷயம் முற்றிவிட்டது. நாலு நாளாகப் பின்பக்க விசிறியின் கோப்பில் சைபர். மணிக்கு மணி பார்த்தும் சைபர்தான். "வயர நல்லா சொருகுங்க வாப்பா" என்று இரண்டு வரி அனுப்பியிருந்தாய். சொருகிப் பார்த்தாயிற்று. லஸாத் வந்து தலையைச் சொறிந்தான். இது தூரத்திலிருந்து தீருகிற வியாதி இல்லை, எழுதியவள் கைதான் பட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பெருநாளைக்கு இன்னும் பதினேழோ பதினெட்டோ நோன்பு இருக்கிறது. மீனை உப்பில் போட்டாயிற்று, மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் ஷர்மூலா குழம்புக்குத் திராட்சையும் வெங்காயமும் வந்துவிட்டன. பெருநாள் காலையில் நீ இல்லாமல் மூன்று வருடமாக அந்தக் கருவாட்டைத் தின்கிறேன். எனக்கு அது இறங்கவே இல்லை, இன்ஸாஃப்.

உம்மா ஸகியாவின் முத்தங்கள். லஸாத் சலாம் சொல்கிறான், சாக்கையும் ஞாபகப்படுத்துகிறான். உன் பாதையெல்லாம் லேசாகட்டும், உன் கைவேலையில் பரக்கத் இறங்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
வாப்பா.

பி.கு.: கடிதத்தை உம்மா படித்துவிட்டாள். படித்தவள் நேரே வந்து என் சட்டைப் பையில் கைவிட்டு, கைக்குட்டைக்கு அடியிலிருந்த அந்த உள்ளங்கையளவு பின்பக்க விசிறியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதையும் எழுதுங்க. இல்லன்னா தபால் பெட்டி வரைக்கும் நான் விடமாட்டேன்" என்கிறாள். எழுதிவிட்டேன். விசிறியை மாட்டியும்விட்டேன். நிமிஷத்துக்கு ஆயிரத்து நூற்று எண்பது சுற்று, சூடு நாற்பத்தொன்று. உனக்கும் இந்நேரம் வந்திருக்கும். ஆக இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, நீ வருவதற்குக் காரணம் ஒன்றுமில்லை. மீனை மட்டும் மூன்று பேருக்குப் போட்டிருக்கிறாள் உம்மா. வா.