கரட்டூரை நிறுத்தும் ஆணை

எந்த வரைபடத்திலும் அகப்படாத மாகணி நாட்டில், அரண்மனையின் கீழ்த்தளத்தில் ஒரு பெருங்கணினி இருந்தது. இரண்டு பீரோக்களை ஒட்டி வைத்தாற்போல் நின்ற அந்த ஒற்றை இயந்திரத்துக்குள் லினக்ஸ் என்ற, யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய இயங்குதளத்தில் நாற்பத்திரண்டு சர்வர்கள் ஓடின. ஊருக்கு ஒன்று. ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிக் குறிப்பு, மதகு திறக்கும் நேரம், வாக்காளர் பட்டியல் எல்லாம் அந்தந்த ஊரின் சர்வரில் இருந்தன. இயந்திரம் ஒன்றுதான் என்றாலும் உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் உண்டு. ஒன்று படுத்துக்கொண்டாலும் அடுத்தது தன் பாட்டுக்கு ஓடும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவற்றைப் பராமரித்தவள் பூங்கோதை. எந்தச் சர்வருக்கு எப்போது மூச்சு வாங்கும், எதற்கு இடம் போதாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே அரண்மனையில் யாரும் அவளை நினைத்துப் பார்ப்பதில்லை. ஒழுங்காக ஓடுகிறவற்றை ஆள்கிறவர்கள் கவனிப்பதில்லை.

ஒரு நாள் மகாமந்திரி சர்வபூபதி பரிவாரத்தோடு கீழே இறங்கி வந்தார். திரையில் இருந்த பெயர்களைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது.

“கரட்டூர், பாறைக்குடி, ஆலம்பாடி... யார் சூட்டிய பெயர்கள் இவை?”

“ஊர்க்காரங்களோட சர்வர் ஐயா. அதான் ஊர்ப் பேரு.”

“ஊர்களே மன்னருடையவை. இன்று முதல் நாற்பத்திரண்டுக்கும் ஒரே பெயர், மன்னரின் திருப்பெயர். ஏகவீரர்.”

“அடையாளத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பராவது போட்டுக்கலாங்களா?”

“இரண்டாம் ஏகவீரர் என்று ஒருவர் இருக்கிறார் என்கிறாயா?” மந்திரியின் குரல் நடுங்கியது. “அது ராஜதுரோகம்.”

பெயர்கள் மாறின. ஒவ்வொரு சர்வரின் முகவரி எண்ணும் பூங்கோதைக்கு மனப்பாடம் என்பதால் அவள் கை தடுமாறவில்லை. மற்ற அலுவலகங்கள் தடுமாறின. ஆலம்பாடிக் குழந்தைகளுக்கான தடுப்பூசி பாறைக்குடி மாட்டுப் பண்ணையில் போய் இறங்கியது. கரட்டூருக்கு அனுப்பிய வெள்ள எச்சரிக்கை, குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கரட்டூரில் ஒரு தெருவே ஆற்றோடு போயிற்று.

இதைப் பூங்கோதை எழுத்தில் தெரிவித்தாள். அதற்கு அடுத்த ஆணை பதிலாக வந்தது. சர்வர்களின் பதிவேட்டில் ‘பிழை’ என்ற சொல் அடிக்கடி வருவதாகவும், மன்னர் ஆட்சியில் பிழை இல்லையாதலால் இனி அந்த இடத்தில் ‘வளர்ச்சி’ என்றே பதிய வேண்டும் என்றும் அது சொல்லிற்று. இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையும் ‘வளர்ச்சி’ என்றே பதிவானதால், சில வாரங்களில் மூன்று ஊர்களின் சர்வர்களில் இடம் நிரம்பி வழிந்தது. ரேஷன் கடைகளில் அட்டையைக் காட்டினால் திரை அசையவில்லை. அரண்மனை அறிக்கையில் மட்டும் ‘வளர்ச்சி நூறு சதவீதம்’ என்று வந்தது. அரிசி கிடைக்காமல் வரிசையில் நின்றவர்களுக்கு ஒலிபெருக்கியில் அதை வாசித்துக் காட்டினார்கள். பிறகு பட்டாசும் வெடித்தார்கள்.

மாகணியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. மன்னரை எதிர்த்து நிற்பதுதான் வழக்கத்தில் இல்லை. தெருவைப் பறிகொடுத்த கரட்டூர் இந்த முறை வேல்நம்பி என்ற ஆசிரியரை நிறுத்தியது. தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மகாமந்திரி மறுபடி கீழே வந்தார்.

“கரட்டூர் சர்வரை நிறுத்து. பட்டியல் இல்லாத ஊருக்கு வாக்கு இல்லை என்று இன்று காலை சட்டம் பிறந்திருக்கிறது.”

“அங்க ஆஸ்பத்திரியும் அதுலதான் ஓடுது ஐயா. யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எந்த ரத்தம், எல்லாமே அதுல இருக்கு.”

“நோயாளிகள் தேசப்பற்றோடு பொறுத்துக்கொள்வார்கள்.”

பூங்கோதைக்கு வாய் உலர்ந்தது. மறுத்தால் கோட்டைச் சிறை என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

“பேரை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். பிழையை வளர்ச்சின்னு எழுதச் சொன்னீங்க, எழுதினேன். அந்த ரெண்டுக்கும் நான் இன்னிக்கு வரைக்கும் வெட்கப்படறேன். இதைச் செய்ய மாட்டேன்.”

“நாளை உச்சிப்பொழுதில் புதிய அதிகாரி வருவார். கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்துவிட்டுச் சிறைக்கு நட” என்று சொல்லிவிட்டு மந்திரி படியேறினார்.

அவர் காலடி ஓசை அடங்கியதும் பூங்கோதை கரட்டூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் மாசிலாமணி எடுத்தார்.

“தம்பி, உங்க சர்வரை நாளைக்கு நிறுத்தப் போறாங்க. அதுல இருக்கிற தகவல் உங்க ஊரோடது. நகல் அனுப்பறேன், வாங்கிக்குங்க.”

“ஐயோ அக்கா! எங்ககிட்ட இருக்கிறது தூசு படிஞ்ச பழைய கம்ப்யூட்டர். அரண்மனை மிஷின்ல ஓடறது இதுல எப்படி ஓடும்?”

“அப்படியே ஓடாதுதான். உங்க மிஷினுக்குத் தகுந்த மாதிரி நிரலைத் திரும்பக் கட்டித் தரேன். லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்ல தம்பி. அதுக்கு அரண்மனை வேணும்னு அவசியமும் இல்ல.”

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கரட்டூர் தன் சொந்தக் கணினியில் மூச்சு விட்டது. பன்னிரண்டு மணிக்குப் பூங்கோதையைக் கொண்டு போனார்கள்.

புதிய அதிகாரி மகாமந்திரியின் மருமகன். திரையைப் பார்த்தவர் விழித்தார். நாற்பத்திரண்டு ஏகவீரர்கள் இருந்தார்கள்.

“எது கரட்டூர் மாமா?”

“ஒவ்வொன்றாக நிறுத்து. கரட்டூரிலிருந்து கூக்குரல் கேட்டதும் கையை எடு.”

மருமகன் ஒன்றை நிறுத்தினார். பாறைக்குடி அலறியது. அடுத்ததை நிறுத்தினார். ஆலம்பாடி அலறியது. கரட்டூர் அலறவே இல்லை. அதன் பிடிவாதம் மந்திரியை வெறிகொள்ள வைத்தது. “நிறுத்து! நிறுத்து!” என்று கத்திக்கொண்டே இருந்தார். மாலைக்குள் நாற்பத்திரண்டும் நின்றன. எப்படித் திரும்ப எழுப்புவது என்று மருமகனுக்குத் தெரியவில்லை.

தேர்தல் நாளில் நாட்டிலேயே பட்டியல் இருந்த ஒரே ஊர் கரட்டூர். மற்ற ஊர்களுக்கு வாக்கு இல்லை, அது மன்னரே போட்ட சட்டம். வேல்நம்பி நூற்றுக்கு நூறு வாங்கினார். ஏகவீரர் தாம் இயற்றிய சட்டத்தின்படியே அரண்மனையை விட்டு வெளியேறினார்.

பூங்கோதையைச் சிறையிலிருந்து மாலை போட்டு அழைத்து வந்தார்கள். அவள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சர்வராக எழுப்பினாள். ஊர்ப் பெயர்கள் திரும்ப வந்தன. பிழை மறுபடியும் பிழை ஆயிற்று.

மூன்றாம் நாள் வேல்நம்பி நியமித்த புதிய மகாமந்திரி கீழே வந்தார். சரிகைச் சால்வை போர்த்தியிருந்தார். கரட்டூர் மருந்துக் கிடங்கு மாசிலாமணிதான்.

“வாங்க தம்பி” என்றாள் பூங்கோதை, மகிழ்ச்சியோடு.

அவர் உட்காரவில்லை. “நாட்டின் நலன் கருதி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பாறைக்குடியில் புதிய ஆட்சியைப் பற்றி அவதூறு பரப்புகிறார்கள். அந்தச் சர்வரைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டும்.”

போனில் “ஐயோ அக்கா” என்று பதறிய குரல் இதுதானா என்று பூங்கோதைக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் முதல்முறை போல வாய் உலரவில்லை.

“தாராளமா நிறுத்திக்குங்க” என்றாள். “பாறைக்குடிக்கு நேத்தே நகல் போயிடுச்சு. பாறைக்குடிக்கு மட்டுமில்ல, எல்லா ஊருக்கும். அவங்கவங்க ஊர்லயே ஓட்டிப் பார்த்துட்டாங்க.”

மாசிலாமணியின் சால்வை தோளிலிருந்து நழுவியது. “அப்படியென்றால் எங்கள் கையில் என்னதான் இருக்கிறது?”

“ஆட்சி இருக்கு தம்பி. அதை நடத்துங்க.”